வலிக்கிறது ஞானப்பல்லா, தாடை மூட்டா? குழப்பம் எங்கேருந்து வருது

18லேருந்து 25 வயசுக்குள்ள இருக்கிற ஒருத்தருக்கு காதுக்குக் கீழ வலி வருது, வாய் பாதிதான் திறக்குது, மெல்ல முடியல. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தா கடைசியில ஞானப்பல்லு சாஞ்சு படுத்திருக்கு. உடனே இதுதான் காரணம், எடுத்துட்டா சரியாயிடும்னு முடிவாயிடுது. பெரும்பாலும் அது சரியாவும் இருக்கும். ஆனா எக்ஸ்ரேல பல்லு சாஞ்சு தெரியுறது வேற, வலிக்கு அந்தப் பல்லுதான் காரணங்கிறது வேற. அந்த வயசுல சாஞ்ச ஞானப்பல்லு இருக்கிறவங்க ஏராளம், அதுல பல பேருக்கு ஒரு வலியும் கிடையாது. தாடை மூட்டுப் பிரச்சனையும் கிட்டத்தட்ட அதே வயசுலதான் தலைகாட்ட ஆரம்பிக்குது. ரெண்டும் ஒரே இடத்துல வலிக்கும், ரெண்டுலயும் வாய் திறக்கிறது குறையும். பல்லை எடுத்த பிறகும் வலி போகலைன்னு தவிக்கிறவங்க, பல்லை எடுத்த பிறகுதான் தாடை 'டக் டக்'னு சத்தம் போடுதுன்னு பயப்படுறவங்க, ரெண்டு பேருமே இந்தக் குழப்பத்துலதான் மாட்டிக்கிறாங்க. அதனால ரெண்டையும் தனித்தனியா புரிஞ்சுக்கிட்டு அப்புறம் எங்க தொட்டுக்குதுன்னு பார்க்கலாம்.

ஞானப்பல்லு ஏன் மாட்டிக்குது

பெரியவங்களுக்கு மொத்தம் 32 பல்லு. அதுல ஒவ்வொரு மூலையிலயும் கடைசியா இருக்கிற கடைவாய்ப்பல்லு, ஆக 4 பல்லு, இதுதான் ஞானப்பல்லு. மத்த பல்லெல்லாம் 12, 13 வயசுக்குள்ள வந்து இடத்தைப் பிடிச்சுக்கும், இது மட்டும் 17லேருந்து 25க்குள்ள வரும். எல்லாருக்கும் நாலும் இருக்காது, அஞ்சுல ஒருத்தருக்காவது ஒண்ணோ ரெண்டோ பிறவியிலயே உருவாகாம போயிடுது, அது நோய் கிடையாது.

கீழ்த்தாடையில, நடு முன்பல்லுலேருந்து ஒரு பக்கமா எண்ணிக்கிட்டு வந்தா வர்ற 7வது பல்லுக்குப் பின்னாடி எலும்பு அப்படியே செங்குத்தா மேல ஏறிடும். அந்த ஏத்தத்துக்கும் 7வது பல்லுக்கும் நடுவுல இருக்கிற சின்ன இடத்துலதான் 8வது பல்லு முளைச்சாகணும். இடம் பத்தலைன்னா பாதி வெளியில வந்து நின்னுடும், இல்லன்னா எலும்புக்குள்ளயே தங்கிடும். இதைத்தான் டாக்டருங்க இம்பாக்டட் பல்லுன்னு சொல்றாங்க. எந்தப் பக்கமா சாஞ்சிருக்குங்கிறதை வச்சு நாலு வகை:

1. முன்பக்கமா சாஞ்சு 7வது பல்லை முட்டிக்கிட்டு நிக்கிறது. கீழ்த்தாடையில அதிகமா பார்க்கிறது இதுதான்.
2. நேரா இருக்கும், ஆனா மேல வர இடம் இல்லாம நிக்கும்.
3. முழுசா படுத்துக்கிட்டு இருக்கும்.
4. பின்பக்கமா எலும்பு ஏறுற பக்கம் சாஞ்சிருக்கும். எக்ஸ்ரேல பார்க்க சாதுவா தெரியும், கீழ்த்தாடையில எடுக்கிறதுக்கு பல நேரம் இதுதான் அதிகமா படுத்தும்.

மாட்டிக்கிட்ட பல்லு பண்ற வேலை

முழுசா எலும்புக்குள்ள புதைஞ்ச பல்லை விட பாதி வெளியில எட்டிப் பார்க்கிற பல்லுதான் அதிகத் தொல்லை. அந்தப் பாதிப் பல்லு மேல ஈறு ஒரு மூடி மாதிரி கவிஞ்சிருக்கும், அதுக்கு அடியில சாப்பாட்டுத் துணுக்கும் கிருமியும் போய் உக்காந்துக்கும், பிரஷ் அங்க போகவே போகாது. கொஞ்ச நாள்ல ஈறு வீங்கி சிவந்து, தொட்டாலே உயிர் போகும், வாயில கெட்ட வாடை, சில சமயம் சீழ், தாடைக்குக் கீழ நெறி கட்டும். இதுக்குப் பேரு பெரிகொரோனைட்டிஸ். மேல்பல்லு அந்த வீங்குன ஈறை ஒவ்வொரு தடவை கடிக்கும்போதும் குத்தும், அதனால வீக்கம் இன்னும் ஏறும். ஞானப்பல்லு வலின்னு ஆஸ்பத்திரிக்கு வர்ற இளவயசுக்காரங்கள்ல நிறைய பேருக்கு இதுதான்.

இன்னொண்ணு சத்தமே இல்லாம நடக்கும். முன்பக்கமா சாஞ்ச பல்லு 7வது பல்லை முட்டுற இடத்துல ஒரு பள்ளம் இருக்கும், அதுல அழுக்கு சேர்ந்து 7வது பல்லோட பின்பக்கம் சொத்தையாகும். கண்ணாடியில பார்த்தா தெரியாது, வலிக்கும்போது சொத்தை நரம்பு வரைக்கும் போயிருக்கும். உபயோகமே இல்லாத ஒரு பல்லுக்காக நல்லா மெல்லுற ஒரு பல்லை இழக்கிறதுங்கிறது, என்னைக் கேட்டா, இந்த விஷயத்துலயே ரொம்ப வருத்தமான நஷ்டம். நீர்க்கட்டி வர்றது, பக்கத்துப் பல்லோட வேர் கரையுறது இதெல்லாமும் உண்டு, ஆனா அபூர்வம்.

ஞானப்பல்லு தள்ளி முன்பல்லு வரிசை கோணலாகுதுன்னு காலங்காலமா ஒரு நம்பிக்கை இருக்கு. ஆராய்ச்சிகள் அதை ஆதரிக்கல. வயசாக ஆக கீழ் முன்பல்லு நெருங்குறது ஞானப்பல்லே இல்லாதவங்களுக்கும் நடக்குது. அதனால பல்வரிசை கெடும்ங்கிற ஒரே காரணத்துக்காக ஞானப்பல்லை எடுக்கச் சொன்னா வேற காரணம் இருக்கான்னு கேட்டுக்கோங்க.

தாடை மூட்டு: ஒரு கதவுக் கீல், ஆனா நகர்ற கீல்

ரெண்டு காதுக்கும் முன்னாடி விரலை வச்சுக்கிட்டு வாயைத் திறந்து மூடிப் பாருங்க. உருண்டையா ஒண்ணு அசையும். கீழ்த்தாடை எலும்போட தலை அது, மண்டையோட்டுல இருக்கிற ஒரு குழிக்குள்ள உக்காந்திருக்கு. டெம்போரோமேண்டிபுலர் ஜாயிண்ட்னு பேரு, சுருக்கமா டிஎம்ஜே. டிஎம்ஜே இருக்குன்னு சிலர் சொல்லுவாங்க, அது எல்லாருக்கும் இருக்கிற மூட்டோட பேரு. அதுலயும் அதை இயக்குற தசையிலயும் வர்ற கோளாறுகளை டிஎம்டின்னு சொல்லணும்.

வாய் திறக்கிற முதல் 2 சென்டிமீட்டர் வரைக்கும் எலும்புத் தலை இருந்த இடத்துலயே சுழலும், கதவுக் கீல் மாதிரி. அதுக்கு மேல திறந்தா அந்தத் தலை குழியை விட்டு முன்னாடி வழுக்கிக்கிட்டு வரும். கொட்டாவி விடும்போது காதுக்கு முன்னாடி ஒரு பள்ளம் விழுறது இதனாலதான். எலும்பும் எலும்பும் உரசாம இருக்க நடுவுல நார்த் திசுவால ஆன ஒரு மெல்லிய டிஸ்க் இருக்கு, எலும்புத் தலை நகரும்போது அதுவும் கூடவே தொப்பி மாதிரி நகரணும். அதுவும் இல்லாம கீழ்த்தாடை ஒரே எலும்புங்கிறதால வலது மூட்டும் இடது மூட்டும் சேர்ந்துதான் அசைஞ்சாகணும், ஒண்ணு முரண்டு பிடிச்சா இன்னொண்ணு தாங்கணும்.

இதுல கெடுறது பொதுவா மூணு விதம், ஒருத்தருக்கே ரெண்டு மூணு சேர்ந்தும் இருக்கலாம்:

1. தசை வலி. கன்னத்துலயும் நெத்திப்பொட்டுலயும் இருக்கிற மெல்லுற தசைகள் களைச்சுப் போய் வலிக்கிறது. ரொம்ப சகஜமானது இதுதான். தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிக்கிறது, பகல்ல வேலைக் கவனத்துல பல்லை இறுக்கி வச்சுக்கிறது, மன அழுத்தம், தூக்கக் குறைவு எல்லாம் இதுக்குத் தீனி போடும்.
2. டிஸ்க் இடம் மாறுறது. டிஸ்க் முன்னாடி நழுவி, வாய் திறக்கும்போது 'டக்'னு திரும்ப இடத்துக்கு வந்து உக்காரும். அந்த சத்தம்தான் க்ளிக். திரும்ப வந்து உக்காராம முன்னாடியே மாட்டிக்கிட்டா சத்தம் நின்னுடும், ஆனா வாய் பாதியில பூட்டிக்கும், திறக்கும்போது தாடை பூட்டின மூட்டு இருக்கிற பக்கமா கோணிக்கிட்டுப் போகும்.
3. மூட்டு தேய்மானம் அல்லது மூட்டு வாதம். சத்தம் 'டக்'னு இருக்காது, மணலை அரைக்கிற மாதிரி கரகரன்னு இருக்கும். வயசானவங்ககிட்ட அதிகம்.

வலியும் பூட்டும் இல்லாம வெறும் க்ளிக் மட்டும் இருந்தா அதுக்கு வைத்தியமே தேவையில்ல. இந்த ஒரு விஷயம் தெரியாம எத்தனை பேரு ராத்திரி தூக்கத்தைத் தொலைக்கிறாங்க.

ரெண்டும் ஏன் ஒரே மாதிரி வலிக்குது

முகத்துக்கு உணர்ச்சி கொண்டு போற நரம்பு ட்ரைஜெமினல் நரம்பு. அதோட மூணாவது கிளைதான் கீழ்ப்பல்லு எல்லாத்துக்கும் போகுது, மெல்லுற தசைக்கும் அதுதான், தாடை மூட்டுக்கும் அதோட ஒரு கிளைதான், காதுக்கு முன்பக்கம், நெத்திப்பொட்டுப் பக்கமும் அதே கிளையோட ஆட்சிதான். மூளைக்குப் போற வழி ஒண்ணா இருக்கிறதால வலி எந்த வீட்டுலேருந்து கிளம்புச்சுன்னு மூளைக்கு சரியா தெரியுறதில்ல. ஞானப்பல்லு கெட்டா காது குடையும், தாடைத் தசை கெட்டா பல்லு வலிக்கிற மாதிரியே இருக்கும், நல்ல பல்லுக்கு ரூட் கெனால் பண்ணிக்கிட்டும் வலி குறையாதவங்க இருக்காங்க. காது டாக்டர்கிட்ட போய் காதுல ஒண்ணும் இல்லன்னு திரும்பி வர்றவங்களும் அதிகம்.

எங்க ஒண்ணை ஒண்ணு தொட்டுக்குது

சாஞ்ச ஞானப்பல்லு நேரடியா மூட்டைத் தள்ளிக் கெடுக்குதுன்னு சிலர் நினைக்கிறாங்க. அப்படி இல்ல, மூட்டு இன்னும் மேல, காதுக்கு முன்னாடி இருக்கு. தொடர்பு வேற வழியில வருது.

1. பெரிகொரோனைட்டிஸ் வீக்கம் பக்கத்துல இருக்கிற மெல்லுற தசையை எரிச்சல் படுத்தும், தசை இறுகிப் போய் வாய் திறக்காது. இதுக்குப் பேரு ட்ரிஸ்மஸ். மூட்டு நல்லாதான் இருக்கும், ஆனா பார்க்க மூட்டுப் பூட்டு மாதிரியே தெரியும். கிருமித் தொற்று அடங்கினா வாயும் திறந்துடும்.

2. ஒரு பக்கம் வலிக்குதேன்னு மாசக்கணக்கா இன்னொரு பக்கமே மெல்லுறது, வலிக்குப் பயந்து தாடையை இறுக்கிப் பிடிச்சுக்கிறது. தசைக்கு இது நல்லதில்ல.

3. பல்லு எடுக்கிற ஆபரேஷன். வாயை ரொம்ப நேரம் ரொம்ப அகலமா திறந்து வச்சிருக்கணும், கீழ்த்தாடையில அழுத்தம் விழும், மரத்துப் போக ஊசி போடும்போது ஊசி முனை தசைக்குள்ள போயி இறுக்கம் வரலாம். ஏற்கனவே மூட்டு பலவீனமா இருக்கிறவங்களுக்கு இது வலியைக் கிளப்பி விடலாம். பெரும்பாலானவங்களுக்கு ஆபரேஷன் முடிஞ்சு 2, 3 நாள்ல இறுக்கம் உச்சத்துக்குப் போயி, ஒண்ணு ரெண்டு வாரத்துல மெல்ல மெல்ல விட்டுடும். அதைத் தாண்டியும் வாய் திறக்கலைன்னா பல்லு எடுத்த டாக்டர்கிட்டயே திரும்பப் போய்க் காட்டணும்.

ஆபரேஷன் முடிஞ்சு 3வது நாள் வாக்குல திடீர்னு வலி ஏறி காது வரைக்கும் இழுத்தா அதையும் மூட்டுன்னு நினைச்சுடாதீங்க. பல்லு எடுத்த குழியில உறைஞ்ச ரத்தக்கட்டி கரைஞ்சு எலும்பு வெளியில தெரியுற ட்ரை சாக்கெட்டா இருக்கலாம். சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு இது அதிகமா வருது. டாக்டர் குழியைக் கழுவி மருந்து வச்சா சீக்கிரமே நிம்மதி கிடைக்கும்.

பிரிச்சுப் பார்க்கிறது எப்படி

டாக்டர் பார்த்துதான் சொல்லணும், ஆனா போறதுக்கு முன்னாடி நீங்களே சிலதைக் கவனிச்சு வச்சுக்கிட்டா அவங்களுக்கும் வேலை சுலபம்.

வலி எப்படி இருக்கு? ஒரு இடத்துல விண்ணு விண்ணுன்னு தெறிச்சு, ஈறைத் தொட்டா துள்ள வச்சு, நாலஞ்சு நாள்ல ஏறி இறங்கி, சில மாசம் கழிச்சுத் திரும்ப வந்தா ஞானப்பல்லு பக்கம் சந்தேகம் போகணும். கன்னம் முழுக்க பரவலா மந்தமா, காலைல எழுந்ததும் தாடை கனமா, மென்னு சாப்பிடச் சாப்பிட வலி கூடுதுன்னா தசை, மூட்டுப் பக்கம். காதுக்கு முன்னாடி விரல் வச்சு அழுத்தினா உங்களுக்குப் பழக்கமான அதே வலி வருதுன்னா அது பெரிய துப்பு, வேற ஏதோ வலி வர்றதுல அர்த்தம் இல்ல, அதே வலி வரணும்.

வாய் எவ்வளவு திறக்குது? நடு மூணு விரலைச் சேர்த்து நெட்டுக்குத்தா முன்பல்லுக்கு நடுவுல விட்டுப் பாருங்க, நுழைஞ்சா போதுமான அளவு. சாதாரணமா பெரியவங்களுக்கு 40 மில்லிமீட்டர் பக்கம் திறக்கும். ஒரு விரல், ரெண்டு விரல்தான் போகுதுன்னா பல்லா மூட்டாங்கிறதைத் தாண்டி சீக்கிரம் காட்டணும்.

பல்லைப் பார்க்க ஓபிஜி எக்ஸ்ரே போதும், ரெண்டு தாடையும் மொத்தமா தெரியும். பல்லோட வேரு கீழ்த்தாடை நரம்புக் குழாய் மேல படிஞ்ச மாதிரி தெரிஞ்சா மட்டும் சிபிசிடிங்கிற முப்பரிமாண ஸ்கேன் கேப்பாங்க. ஓபிஜில டிஸ்க் தெரியாது, டிஸ்க்கைப் பார்க்க எம்ஆர்ஐதான், அதுவும் எல்லாருக்கும் வேண்டியதில்ல. அதனால எக்ஸ்ரேல மூட்டு நார்மல்னு வந்ததை வச்சு மூட்டுல பிரச்சனை இல்லன்னு அடிச்சு சொல்லிட முடியாது.

பல்லை எடுக்கணுமா

தொல்லை கொடுத்த பல்லை எடுக்கிறதுல யாருக்கும் கருத்து வேறுபாடு இல்ல. சண்டை எல்லாம் சும்மா இருக்கிற பல்லை முன்கூட்டியே எடுக்கிறதுலதான். பிரிட்டன்ல எந்த வைத்தியம் எப்பத் தேவைன்னு சொல்ற நைஸ் அமைப்பு 2000ல ஒரு வழிகாட்டுதல் போட்டுச்சு: நோய் எதுவும் இல்லாத மாட்டிக்கிட்ட ஞானப்பல்லை வரும்முன் காக்கிறதுக்குன்னு எடுக்கிறதை நிறுத்துங்க, பெரிகொரோனைட்டிஸ் ஒரு தடவை லேசா வந்ததுக்கு எடுக்க வேணாம், ரொம்பக் கடுமையா வந்தாலோ ரெண்டாவது தடவை வந்தாலோ எடுக்கலாம்னு. ஆபரேஷன்கள் குறைஞ்சுச்சு. ஆனா பிறகு வேற ஒண்ணு தெரிய வந்துச்சு, விட்டு வச்ச சாஞ்ச பல்லால சிலருக்கு 7வது பல்லு சொத்தையாகி, வயசு ஏறுன பிறகு ரெண்டு பல்லுக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டியதாச்சு. அதனால எல்லாத்தையும் எடுன்னு சொல்றதும் தப்பு, வலிச்சா பார்த்துக்கலாம்னு அப்படியே விடுறதும் தப்பு. எடுக்கலைன்னா அதுக்கு அர்த்தம் வருஷா வருஷம் காட்டணும், 7வது பல்லோட பின்பக்கத்தைக் குறிப்பாப் பார்க்கச் சொல்லணும்.

எடுக்கிறதுல இருக்கிற ஆபத்தும் தெரிஞ்சிருக்கணும். கீழ்த்தாடைக்குள்ள ஓடுற நரம்பு அடிபட்டா கீழ் உதடும் மோவாயும் மரத்துப் போகும், நாக்கு நரம்பு பட்டா நாக்கு ஒரு பக்கம் மரக்கும். பெரும்பாலும் சில வாரத்துலயோ மாசத்துலயோ திரும்பிடும், அரிதா சிலருக்கு நிரந்தரமா தங்கிடும். வேரும் நரம்பும் ரொம்ப ஒட்டி இருந்தா பல்லோட தலையை மட்டும் வெட்டி எடுத்துட்டு வேரை விட்டுடுற கொரோனெக்டமின்னு ஒரு முறை இருக்கு, கேட்டுப் பாருங்க.

மூட்டு ஏற்கனவே தொல்லை கொடுக்குதுன்னா ஆபரேஷனுக்கு முன்னாடியே சொல்லிடுங்க:

1. க்ளிக், பூட்டு, முன்னாடி எப்பவாவது தாடை நழுவினது எல்லாத்தையும் சொல்லணும். வாய் எவ்வளவு திறக்குதுன்னு அளந்து கேஸ் ஷீட்ல எழுதச் சொல்லுங்க, பிறகு ஒப்பிட அதுதான் ஆதாரம்.
2. கடைவாய்ல ரப்பர் கட்டை வச்சு தாடைக்கு முட்டுக் கொடுக்கலாமா, நடுவுல ஓய்வு விட முடியுமா, ரெண்டு பக்கத்தையும் வேற வேற நாள்ல எடுக்கலாமான்னு கேளுங்க.
3. மூட்டு வலிக்காக மட்டும் ஞானப்பல்லை எடுக்கிறீங்கன்னா, பல்லுல நோய் இருக்குங்கிறதுக்கு என்ன அத்தாட்சின்னு கேளுங்க. அத்தாட்சி இல்லன்னா இன்னொரு டாக்டர்கிட்டயும் கருத்துக் கேக்கிறது நல்லது.

மூட்டுக்கு என்ன வைத்தியம்

இந்த இடத்துல கொஞ்சம் பழைய கதை சொல்லணும், ஏன்னா மூட்டு விஷயத்துல அவசரம் எவ்வளவு கெடுதல்னு அதுலதான் தெரியும். 1934ல காஸ்டன்னு ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர், கடைவாய்ப்பல்லு இல்லாம கடி, அதாவது மேல்பல்லும் கீழ்பல்லும் சேர்ற விதம், கெட்டுப் போறதாலதான் காது வலி, தலைச்சுத்தல் எல்லாம் வருதுன்னு எழுதினாரு. அவரு சொன்ன காரணம் பிற்பாடு நிக்கல, ஆனா கடியைச் சரி பண்ணா மூட்டு சரியாகும்ங்கிற எண்ணம் பல காலம் தங்கிடுச்சு, நல்ல பல்லைத் தேய்ச்சு மட்டப்படுத்துறது வரைக்கும் போச்சு. அப்புறம் 1980கள்ல அமெரிக்காவுல ப்ரோப்ளாஸ்ட்-டெஃப்லான்ங்கிற செயற்கைப் பொருள்ல செஞ்ச செயற்கை டிஸ்க்கை நிறைய பேருக்கு வச்சாங்க. மெல்லுற அழுத்தத்துல அது துகள் துகளா உதிர்ந்து, சுத்தி இருந்த எலும்பையே அரிச்சுடுச்சு, 1990களோட தொடக்கத்துல அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அதைத் திரும்பப் பெற வச்சுது. சாதாரண வலியோட போனவங்க மூட்டையே இழந்தாங்க.

அதனாலதான் இப்ப திரும்ப மாத்த முடியாத எதையும் முதல்ல பண்ணாதீங்கன்னு சொல்றாங்க. பிஎம்ஜேங்கிற பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில 2023 கடைசியில வந்த வழிகாட்டுதல்ல நீடிச்ச வலிக்கு பலமா சிபாரிசு பண்ணினது தாடைப் பயிற்சி, பிசியோதெரபிஸ்ட் கையால தாடையைத் தளர்த்துறது, நிக்கிற உக்கார்ற நிலையைச் சரி பண்ற பயிற்சி, வலியைக் கையாள எண்ணத்தையும் பழக்கத்தையும் மாத்துற சிபிடி முறை மனப்பயிற்சி இதெல்லாம்தான். டிஸ்க்கை வெட்டி எடுக்கிறதையும், கடியையே மாத்திடுற ஸ்ப்ளின்ட்டையும் (பல்லு மேல மாட்டுற உறை) அது வேணாம்னு சொல்லுது. பல்லைக் கடிக்கிறவங்களுக்கு ராத்திரி பல்லுல மாட்டிக்கிற நைட் கார்டு உறை பல்லு தேயாம காப்பாத்தும், ஆனா மூட்டு வலியைத் தீர்க்கும்னு நம்பி ரொம்ப செலவு பண்ற அளவுக்கு ஆதாரம் போதாது.

வீட்டுல செய்யறது எளிமையானது, ஆனா வாரக்கணக்குல விடாம செய்யணும். மென்மையா சாப்பிடணும், ரெண்டு பக்கமும் மெல்லணும், சூயிங்கம் நிறுத்தணும், கொட்டாவி வரும்போது மோவாய்க்குக் கீழ கையைக் கொடுத்துத் தாங்கிக்கணும், வெந்நீர் ஒத்தடம் கொடுக்கணும். இதையெல்லாம் விட முக்கியமானது ஒண்ணு இருக்கு: சாப்பிடாத நேரத்துல மேல்பல்லும் கீழ்பல்லும் ஒண்ணை ஒண்ணு தொடவே கூடாது. உதடு மூடி இருக்கலாம், பல்லு விலகி இருக்கணும். இப்ப இதைப் படிக்கும்போதே உங்க பல்லு சேர்ந்து இருக்கான்னு பாருங்க, சேர்ந்து இருந்தா விடுங்க, தாடை இறங்குறது உங்களுக்கே தெரியும். பல பேருக்கு சில வாரம், சில மாசத்துல வலி தானாவே குறைஞ்சுடுது.

காத்திருக்கக் கூடாத நேரம்

1. காய்ச்சலோட தாடைக்குக் கீழ வீங்கி, நாக்குக்கு அடியில மேடு தட்டி, முழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமா இருந்தா பல் டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காம நேரா பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்க. பல்லுத் தொற்று கழுத்துக்கு இறங்கி மூச்சுக்குழாயை அடைக்கலாம்.
2. கொட்டாவி விட்டு வாய் மூடவே முடியலைன்னா தாடை நழுவியிருக்கு, டாக்டர் கையால திரும்ப உக்கார வைப்பாங்க, நேரம் போகப் போக தசை இறுகிக் கஷ்டமாயிடும்.
3. 50 வயசைத் தாண்டினவங்களுக்குப் புதுசா நெத்திப்பொட்டு வலி, தலை சீவினாலே வலி, கொஞ்சம் மென்னதும் தாடை களைச்சு வலிக்கிறது, பார்வை மங்குறது இருந்தா அது ரத்தக்குழாய் வீக்கமா இருக்கலாம், கண் பார்வையே போகிற ஆபத்து உண்டு, அன்னைக்கே காட்டணும்.
4. நடந்தா, மாடி ஏறினா தாடை வலிச்சு, உக்காந்தா குறைஞ்சா இதயத்தைப் பரிசோதிக்கணும், தள்ளிப் போடாதீங்க. கூட நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தா உடனே ஆம்புலன்ஸ்.